காட்டுக்குக் கேமராவோடு கிளம்பும் முன்: வன உயிரின ஒளிப்பதிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன உயிரின ஆவணப்படத்துக்குக் கேமரா பிடிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பது. அடுத்தது, "எந்தெந்தக் காட்டுக்கெல்லாம் போகலாம்?" இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் பயணம் என்பது போய்ச் சேரும் வரைக்கும்தான். சேர்ந்த பிறகு ஒரே மரத்தடியில், ஒரே ஓடைக்கரையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். நாடு நாடாகச் சுற்றலாம் என்று வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். ஒரே இடத்தில் கிடக்கத் தெரிந்தவர்கள் நிலைக்கிறார்கள். அதற்கு உடம்பையும் பெட்டியையும் வீட்டையும் எப்படித் தயார் செய்வது என்று, ஆனைமலைப் பகுதியில் மலை இருவாச்சி என்னும் பெரிய அலகுப் பறவையைப் படமாக்கும் வேலையை உதாரணமாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. ஊர்க் குளத்தில் தொடங்குங்கள்

முதல் ஆறு மாதம் புலி, யானை என்று ஓட வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வேடந்தாங்கல். தெற்கே கூந்தன்குளம். டெல்டா பக்கம் கோடியக்கரையில் வெளிமானும் உண்டு, பூநாரையும் உண்டு. எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு ஜோடி முக்குளிப்பான் போதும். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு இரை தேட ஆரம்பிக்கிறது, எந்தக் கிளையில் வந்து உட்காருகிறது, எதைக் கண்டால் கழுத்தை நீட்டுகிறது என்று நோட்டில் எழுதிவாருங்கள். கழுத்தை நீட்டி உடம்பை ஒடுக்கும் பறவை அநேகமாக அடுத்த சில விநாடிகளில் பறந்துவிடும். இதைக் கவனித்துப் பழகியவருக்கு ரெக்கார்ட் பொத்தானை எப்போது அழுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே பறவையை வைத்து ஒரு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அழகான ஒற்றை ஷாட்டை வைத்துக்கொண்டு எடிட்டரால் எதுவும் செய்ய முடியாது. இடத்தைக் காட்டும் வைடு வேண்டும், என்ன செய்கிறது என்று தெரியும் மிட் ஷாட் வேண்டும், கண், அலகு, கால் என்று க்ளோசப்புகள் வேண்டும், பறவை எதைப் பார்க்கிறதோ அதுவும் வேண்டும். ஒவ்வொன்றும் ஆடாமல் அசையாமல் பத்து விநாடியாவது நிற்கட்டும். பறவை பறந்த பிறகும் வெறும் கிளையைக் கொஞ்ச நேரம் எடுங்கள். காட்சியை வெட்டும்போது அந்த வெறும் கிளையைத்தான் எடிட்டர் தேடுவார். அந்த இடத்துச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆண்டுத் தொடக்க மாதங்களில் சென்னைக் கடற்கரையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நடை போகிறார்கள். 1988-லிருந்து நடக்கும் வேலை அது. ஒரு பருவம் கேமரா இல்லாமல் அவர்களோடு நடந்து பாருங்கள். வெள்ளை வெளிச்சத்தால் ஆமைக்கு என்ன கெடுதல் என்று நேரில் பார்த்தவர் பிறகு எந்தக் காட்டிலும் யோசிக்காமல் லைட் போட மாட்டார். நம் ஊரிலிருந்து போய் உலக அளவில் பேர் வாங்கிய வன உயிரினப் படக் கலைஞர் சேகர் தத்தாத்ரி, பள்ளிப் பருவத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். அவருக்கு உயிரினப் பழக்கம் முதலில், கேமரா அப்புறம். இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

2. முதல் வேலை, உதவியாளர் வேலை

ட்ரைபாட் சுமப்பது, பேட்டரி சார்ஜ் போடுவது, கார்டு காப்பி எடுப்பது, மறைவிடம் (உயிரினத்தின் கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்து படமெடுக்கும் கூடாரம்) கட்டுவது. இதில் எதையும் குறைவாக நினைக்காதீர்கள். நல்ல ஒளிப்பதிவாளர் எப்போது கேமராவைத் திருப்புகிறார் என்பதைவிட எப்போது திருப்பாமல் விடுகிறார் என்று கவனியுங்கள். சொந்தமாகப் பெரிய கேமரா வாங்கக் கடன் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமும் ஒவ்வொரு கேமரா கேட்கும், வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு சேர்ந்தால் முதலில் நல்ல ட்ரைபாட், நல்ல ஃப்ளூயிட் ஹெட் (கேமராவை ஆட்டமில்லாமல் திருப்ப உதவும் ட்ரைபாட் தலை), நல்ல பைனாகுலர் வாங்குங்கள். கேமரா மாடல் மாறிக்கொண்டே இருக்கும், இவை மாறாது.

3. அனுமதி

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதுவானாலும், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். சஃபாரி டிக்கெட் வாங்கி உள்ளே போய் ஆவணப்படம் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கதைச் சுருக்கம், குழுவினர் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல்கள், வண்டி எண்கள், சீரியல் எண்ணோடு கருவிப் பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஆகும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து உத்தரவு வந்தாலும், களத்தில் வனச்சரகரைப் பார்த்து நகலைக் கொடுத்து, எந்த இடத்துக்கு எத்தனை மணி வரை போகலாம் என்று பேசிய பிறகே வேலை தொடங்கும். ட்ரோனுக்குத் தனி அனுமதி. அது கிடைக்கும் என்று நம்பிக் கதையைக் கட்ட வேண்டாம்.

காட்டின் காலண்டரைப் பார்த்துத் தேதி போடுங்கள். இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். காசிரங்கா மழைக்காலத்தில் மூடியிருக்கும். மலை இருவாச்சி ஜனவரி வாக்கில் கூட்டில் அடைந்து ஏப்ரல், மே வரை இருக்கும். பந்திப்பூர் வழியாக முதுமலைக்கு வருகிறவர்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடியிருக்கும் என்பதை மனதில் வைத்து மைசூரிலிருந்து கிளம்புங்கள்.

4. பெட்டி கட்டுவது

வன உயிரினப் படப்பிடிப்பில் அதிகம் புழங்கும் நீள லென்ஸ்களில் ஒன்று கேனன் 50–1000 மி.மீ. லென்ஸ் மட்டும் 6.6 கிலோ. அதைத் தாங்கும் ட்ரைபாட், கேமரா, மானிட்டர், பேட்டரி என்று சேரும்போது ஒரு ஆளின் முதுகுக்கு மிஞ்சிய பாரமாகிவிடும். விமானத்தில் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். வீட்டிலேயே எடை போட்டுப் பிரித்துவிடுங்கள். கேமராவும் லென்ஸும் எப்போதும் கையோடு. துணிப்பெட்டி வராமல் போனால் கடையில் சட்டை வாங்கிக்கொள்ளலாம்.

லித்தியம் பேட்டரிகளைப் பற்றி இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. உதிரி பேட்டரி எதையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை பிரச்சினை இல்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் கிடையாது. பேட்டரியில் வாட்-அவர் போடவில்லை என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-அவர் என்றால் கிட்டத்தட்ட 98. 100-க்குள் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் வி-மவுண்ட் பேட்டரிகளில் (கேமராவின் பின்னால் மாட்டும் பெரிய பேட்டரிகள்) 98 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கிறோம். முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் ஏ.டி.ஏ. கார்னே (கருவிகளை வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) எடுக்கலாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு வழங்குகிறது. போகும் நாடு அந்த ஏற்பாட்டில் இல்லையென்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் சொந்தக் கேமராவுக்கே வரி கேட்பார்கள்.

ஜீப்பில் வைத்து எடுக்கப் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் துணிப்பை) வேண்டும். காலியாக மடித்து எடுத்துப்போங்கள், போன ஊர் மளிகைக் கடையில் அரிசி வாங்கி நிரப்பலாம். கிளம்பும்போது அந்த அரிசியை முகாம் சமையல்காரரிடம் கொடுத்துவிடலாம். சிலிக்கா ஜெல் நிறைய எடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துவிடும். பையோடு வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறவுங்கள். உடை பழுப்பு, மங்கிய பச்சை. சரசரக்கும் ரெயின்கோட் வேண்டாம்.

5. போன முதல் சில நாட்கள்

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை சேர்ந்த அன்றே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் பைனாகுலரும் நோட்டும் மட்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு நடங்கள். ஆனைமலையில் அவர்களில் பலர் காடர், மலசர் போன்ற மலைவாழ் மக்கள். எந்த அத்தி மரம் இப்போது பழுத்திருக்கிறது, எந்தப் பொந்தில் போன வருடம் இருவாச்சி இருந்தது, யானை எந்த வழியாக ஓடைக்கு இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களிடம் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வயதில் பெரியவர் என்றால் அண்ணன், ஐயா. "வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். வந்ததும் வராததுமாக "புலி எங்கே இருக்கு?" என்று கேட்டால் "பார்க்கலாம் சார்" என்ற பதிலோடு முடிந்துவிடும். நாள் கூலி எவ்வளவு என்று முதல் நாளே பேசி, அன்றன்றைக்கே கையில் கொடுங்கள். படத்தின் முடிவில் அவர்கள் பெயர் வர வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஒரு ஷாட் கிடைக்கக் காரணமானவர் பெயரில்லாமல் போவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், நீங்களும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

6. மறைவிடத்தில்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். மலை இருவாச்சிப் பெட்டை உயரமான மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளேயே முட்டையிட்டு, அடைகாத்து, சிறகும் உதிர்த்துவிடும். அந்த நாட்களில் ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் உள்ளே உயிர் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நிற்பதைக் கண்டு ஆண் வராமல் போனால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. மற்றவை எல்லாம் இதற்கப்புறம்.

கூட்டில் பறவை இருக்கிறதா என்று கீழே பார்த்தே சொல்லிவிடலாம். மரத்தடியில் புதிதாக விழுந்த விதைகளும் எச்சமும் இருந்தால் பொந்தில் ஆள் இருக்கிறது. வருடக்கணக்கில் குடியிருந்த மரத்தடியில் விதைகள் முளைத்துக் கன்றாக நிற்கும். மறைவிடத்தை ஒரே நாளில் கட்டி உட்காராதீர்கள். தூரத்தில் முதலில் துணியை மட்டும் கட்டி விட்டு வாருங்கள். ஆண் வழக்கம்போல் வந்துபோகிறதா என்று பாருங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். நீள லென்ஸ் எதற்காக இருக்கிறது? தள்ளியே இருங்கள்.

விடிவதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும், இருட்டிய பிறகே வெளியே. நடுவில் மாறியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேராகப் போய் ஒருவர் திரும்பி வாருங்கள். ஆள் போய்விட்டான் என்று பறவை சமாதானமாகிவிடும், பெரும்பாலும் இது வேலை செய்கிறது. உள்ளே அசையாமல் உட்கார்ந்து பழக ஒரு மடக்கு ஸ்டூல் போதும், முதுகுச் சாய்வு இருந்தால் தூக்கம் வரும். ஒரு பாட்டில் தண்ணீர், சிறுநீருக்கு ஒரு பாட்டில், இட்லியோ சப்பாத்தியோ துணியில் சுற்றி. பிஸ்கட் பாக்கெட்டின் சரசரப்பு காட்டில் வெகுதூரம் கேட்கும். சென்ட், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். செல்போனை ஆஃப் செய்துவிடுங்கள், சைலண்டில் வைப்பது போதாது.

ஆண் வருவது கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும். கரி ரயில் மலை ஏறும்போது மூச்சுவிடுவதுபோல் இறக்கைச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். அந்த நேரத்தில்தான் கேமராவின் ப்ரீ-ரெக்கார்ட் வசதி கைகொடுக்கும். பல கேமராக்களில் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துப் பதிவு செய்ய முடியும். காத்திருக்கும் நேரமெல்லாம் ரெக்கார்டிங்கை ஓட்டிக் கார்டை நிரப்ப வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்ததும் தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளி அளவை) பொந்தின் இருட்டுக்கு வைக்காமல் ஆணின் முகத்து வெளிச்சத்துக்கு வையுங்கள். மஞ்சள் அலகு வெளுத்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

ஆண் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, கூட்டுக்கு வராமல் உங்கள் பக்கமே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதா? இடத்தைச் சரியாகத் தேர்வு செய்யவில்லை என்று பொருள். அது போன பிறகு சத்தமில்லாமல் இறங்கி வந்துவிடுங்கள், மறைவிடத்தைப் பின்னால் தள்ளுங்கள். தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். குரல் பதிவைப் போட்டுப் பறவையை அழைப்பது, கூட்டை மறைக்கும் கிளையை வெட்டுவது, தீனி போட்டு வரவழைப்பது, மூன்றும் கூடாது. அப்படித்தான் எடுக்க முடியும் என்றால் அந்தக் காட்சி படத்தில் இல்லாமலே போகட்டும்.

7. உடம்பு

யானைக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. நடக்கும்போது அடிக்கடி ஒரு சிட்டிகை சாம்பலோ பவுடரோ தூவிக் காற்றின் திசையைப் பாருங்கள். கூட வரும் காவலர் "திரும்புங்க" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் அந்தி நேரத்தில் தனியாக நடக்க வேண்டாம். கரடியும் காட்டுமாடும் செடிகளுக்கு நடுவே நிற்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது. வால்பாறையில் யானை நடமாட்டத்தைத் தெரிவிக்கச் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் அன்றைக்கு வேலை இல்லை.

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். முழங்கால் வரை அட்டைச் சாக்ஸ் போட்டால் போதும். கடித்தாலும் கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் வரும், அரிக்கும், அவ்வளவுதான். வறண்ட மாதங்களில் உண்ணிதான் ஆபத்து. 1957-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் உண்ணி மூலம்தான் பரவுகிறது. குரங்கு செத்துக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தினமும் அறைக்கு வந்ததும் இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். காட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் காட்டில் இருந்ததைச் சொல்லுங்கள். உடம்பில் கருத்த பொருக்கு ஏதாவது இருந்தால் காட்டுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல்) என்றால் சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது, எத்தனை மணி நேரம் என்று போன அன்றே விசாரித்து எழுதிவையுங்கள்.

பெண் ஒளிப்பதிவாளர்கள் தங்குமிடம், கழிப்பறை, அறைக்குத் தாழ்ப்பாள் பற்றி முன்னாலேயே தயாரிப்பு மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். தயங்க எதுவும் இல்லை. கேட்டால் முகம் சுளிக்கும் குழுவோடு போகாமலிருப்பதே மேல்.

8. சாயங்கால வேலை

சாப்பாட்டுக்கு முன் கார்டு. நொடிக்கு 500 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 225 ஜிபி ஆகும். கணக்குப் போட்டு டிஸ்க் வாங்குங்கள். மூன்று பிரதி: இரண்டு டிஸ்கில் அன்றைக்கே, மூன்றாவது வேறு இடத்தில், வேறு ஆளிடம். காப்பி எடுப்பதற்குச் சரிபார்க்கும் மென்பொருள் வையுங்கள், இழுத்துப் போடுவதை நம்ப வேண்டாம். சரிபார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது. கூடவே லாக்: தேதி, நேரம், இடம், உயிரினம், என்ன செய்தது, எந்த கார்டு. "இருவாச்சி நல்ல ஷாட்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "ஆண், காலை 8.10, எட்டுப் பழம் கொடுத்தது, கடைசிப் பழம் தவறி விழுந்தது" என்று எழுதுங்கள், எடிட்டர் உங்களை அடுத்த படத்துக்கும் கேட்பார்.

9. பணமும் வீடும்

ஒப்புக்கொள்வதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. படப்பிடிப்பு நாளுக்கு எவ்வளவு, பயண நாளுக்கு எவ்வளவு, மழையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாளுக்கு எவ்வளவு. அனுமதி தாமதமானால் யார் செலவு. கருவிக் காப்பீடும் உங்கள் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு. முன்பணம் கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள். பல படங்களில் காத்திருக்கும் நாட்களே அதிகம் என்பதால், காத்திருப்புக்குக் காசு இல்லை என்று சொல்லும் ஒப்பந்தம் உங்களுக்கு நஷ்டம்தான்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போவதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால், "ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு இறங்கும்போது கூப்பிடுறேன்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள், அந்த நாளைத் தவறவிடாதீர்கள். முகாமின் தொலைபேசி எண், வனச்சரக அலுவலக எண் இரண்டையும் வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். பொங்கல் சமயம் பெரும்பாலும் கூடுகட்டும் பருவத்தின் தொடக்கத்தில் வரும், பல வருடம் வீட்டில் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுவது நேர்மை.

திரும்பி வந்த மறுநாள் தூங்கலாம். அதற்கடுத்த நாள் பெட்டிகளைத் திறந்து எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். ட்ரைபாட் கால்களைக் கழற்றி மண் எடுங்கள், வெல்க்ரோவிலும் சாக்ஸிலும் ஒட்டிய களை விதைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காட்டுக் களையை அடுத்த காட்டுக்கு நீங்களே கொண்டுபோய் விதைப்பீர்கள். வனத்துறைக்குப் பணி முடிந்த கடிதம், அனுமதியில் ஒப்புக்கொண்டபடி படத்தின் பிரதி எப்போது வரும் என்ற தகவல், காவலர்களின் பெயர்ப் பட்டியல் தயாரிப்பாளருக்கு, பில் கணக்காளருக்கு. நான்கையும் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து இவற்றை அனுப்ப முடியாது.